மாணவர் விசா: எந்தத் தாளை எப்போது எடுப்பது, எங்கே மாட்டிக்கொள்வோம்

வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பணம் காட்டணும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பணமும் மதிப்பெண்ணும் இருந்தும் விசா கிடைக்காதவர்களின் கோப்பைப் புரட்டினால் காரணம் வேறு எங்கோ இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் இன்னொரு பெயர். வங்கிக் கடிதத்தின் தேதி கெடுவைத் தாண்டியிருக்கும். படிவத்தில் அப்பாவுக்கு வியாபாரம், ஸ்பான்சர் கடிதத்தில் அவருக்கே மாதச் சம்பளம். பல நாடுகளில் அதிகாரி உங்கள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது தாள்களை மட்டும்தான். அந்தத் தாள்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரிட்டன் விசாவுக்காக நான் அலைந்து முடித்த கையோடு தங்கையின் ஜெர்மனி விண்ணப்பம் என் தலையில் விழுந்தது. அப்புறம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று போன நண்பர்களின் கோப்புகளும் வந்து சேர்ந்தன. நாடு மாறினாலும் வேலை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் 2025 இறுதி நிலவரம். கட்டணங்கள் வருடா வருடம் ஏறுபவை என்பதால், பணம் கட்டும் அன்று அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. காலண்டரைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

வகுப்பு தொடங்கும் தேதியை முதலில் எழுதுங்கள். அதற்கு முன்னால் பயணம், அதற்கு முன்னால் முடிவு வரும் காலம், கைரேகை, விண்ணப்பம், பணம் கணக்கில் இருக்க வேண்டிய நாட்கள், மருத்துவப் பரிசோதனை என்று பின்னோக்கிப் போங்கள். இப்படிப் போட்டுப் பார்த்தால்தான் "இன்னும் நாலு மாதம் இருக்கிறதே" என்ற நிம்மதி எவ்வளவு பொய் என்று தெரியும்.

பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் படிப்பு தொடங்குவதற்கு 6 மாதத்துக்கு மேல் முன்கூட்டியே விண்ணப்பிக்க முடியாது. முடிவு வழக்கமாக 3 வாரத்தில் வரும். அமெரிக்காவின் மாணவர் விசாவான எஃப்-1ஐப் படிப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்பே கொடுக்கலாம், ஆனால் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்கூட்டியே நாட்டுக்குள் நுழைய முடியாது. ஜெர்மனியில் செமஸ்டர் அக்டோபர் 1, ஏப்ரல் 1 என்று தொடங்குகிறது. விண்ணப்பம் கொடுத்த பிறகு மாதக்கணக்கில் ஆகலாம் என்பது ஒருபுறம். அதற்கு முன்பே, இந்தியா, சீனா, வியட்நாம் மூன்றில் ஏதாவது ஒன்றில் படித்தவர்களுக்கு ஏபிஎஸ் என்ற சான்றிதழ் சரிபார்ப்பு தேவைப்படும். இந்தியர்களுக்கு அது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அது கைக்கு வராமல் விசா விண்ணப்பம் நகராது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களும் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன.

சீக்கிரம் எடுத்தாலும் சிக்கல் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிரிட்டன் கேட்கும் காசநோய்ப் பரிசோதனைச் சான்று 6 மாதம்தான் செல்லும். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் 2 வருடம். வங்கிக் கடிதம் அதைவிடச் சீக்கிரம் பழசாகிவிடும். எனவே ஒவ்வொரு தாளுக்கும் காலண்டரில் இரண்டு தேதி எழுதுங்கள்: எடுக்க வேண்டிய நாள், காலாவதியாகும் நாள்.

விமான டிக்கெட்டை மட்டும் இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். விசா வருவதற்கு முன் டிக்கெட் காட்டினால்தான் நம்புவார்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

2. பாஸ்போர்ட்டையும் பெயரையும் சரி செய்யுங்கள்

பாஸ்போர்ட் படிப்பு முடியும் வரை செல்லுபடியாவது நல்லது. கனடா போன்ற நாடுகளில் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி ஸ்டடி பெர்மிட் என்ற படிப்பு அனுமதியைத் தரமாட்டார்கள். இரண்டு வருடப் படிப்புக்குப் போய்விட்டு, ஒன்றே கால் வருடத்தில் பெர்மிட் நீட்டிப்புக்கு மீண்டும் கட்டணம் கட்டும் நிலை அப்படித்தான் வருகிறது.

பெயர் விஷயம் தமிழர்களுக்கு என்றே ஒரு தனித் தலைவலி. இனிஷியல், அப்பா பெயர், குடும்பப் பெயரே இல்லாத ஒற்றைப் பெயர் என்று நமக்கு எல்லா வகையும் உண்டு. விசா படிவங்களோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு இரண்டையும் நிரப்பச் சொல்கின்றன. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்காவின் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் கட்டத்தில் "எஃப்என்யு" என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அதே மூன்று எழுத்து விசாவிலும் அச்சாகி, அங்கே போன பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று பின்னாலேயே வரும். விசாவுக்கு அது தடை இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் புதிதாக எடுக்கும் எண்ணம் இருந்தால், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிடுங்கள். இடையில் மாற்றினால் சேர்க்கைக் கடிதத்தில் பழைய பெயர், பாஸ்போர்ட்டில் புதிய பெயர் என்று ஆகி, எல்லாவற்றையும் மறுபடி திருத்தி வாங்க வேண்டியிருக்கும்.

பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறு வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் அப்படியே பாருங்கள். பணம் அவர்கள் கணக்கில் இருந்தால், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

3. பல்கலைக்கழகத்திடமிருந்து சரியான தாளை வாங்குங்கள்

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, உடனே விசா போடலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பல நாடுகளில் ஆஃபர் லெட்டர் மட்டும் போதாது. பிரிட்டனுக்கு, சேர்க்கையை உறுதி செய்து பல்கலைக்கழகம் தரும் காஸ் வேண்டும். அது தாள்கூட இல்லை, 14 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் எண். பெரும்பாலும் முன்பணம் கட்டிய பிறகுதான் தருவார்கள். கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் செல்லும். அமெரிக்காவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 என்ற படிவம். அதில் கல்லூரி அதிகாரியின் கையெழுத்தோடு உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு சிஓஇ என்ற சேர்க்கை உறுதிச் சான்று. கனடாவுக்குச் சேர்க்கைக் கடிதத்தோடு, 2024 ஜனவரியிலிருந்து, பெரும்பாலானோருக்கு பிஏஎல் என்ற மாகாண அரசின் சான்றுக் கடிதமும் வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து அரசு பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கும் அதிலிருந்து விலக்கு. ஜெர்மனி இதில் எளிது, சேர்க்கைக் கடிதமே போதும்.

இந்தத் தாள் வந்ததும் மகிழ்ச்சியில் ஃபோல்டரில் போட்டு மூடிவிடாமல் வரிவரியாகப் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், படிப்பின் பெயர், தொடக்கத் தேதி. இவற்றைவிட முக்கியம், நீங்கள் கட்டிய முன்பணம் அதில் ஏறியிருக்கிறதா என்பது. காஸில் அந்தத் தொகை பதிவாகியிருந்தால் நீங்கள் காட்ட வேண்டிய பணத்தில் அது கழியும். பதிவாகவில்லை என்றால் ரசீதை இணைக்க வேண்டும். ரசீது இணைப்பதைவிட, பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட்டு காஸையே புதுப்பிக்கச் சொல்வது மேல்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வருமா, எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்?

4. பணம்: தொகை மட்டும் போதாது, வயதும் வேண்டும்

முதலில் தொகைகள். ஜெர்மனிக்கு வருடத்துக்கு 11,904 யூரோ. கனடாவுக்கு, 2025 செப்டம்பர் 1 முதல், தனி ஆளுக்கு 22,895 கனடிய டாலர், முதல் வருடக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல். ஆஸ்திரேலியாவுக்கு வருடச் செலவு 29,710 ஆஸ்திரேலிய டாலர், இதற்கும் மேலே கட்டணமும் பயணமும். பிரிட்டனுக்கு, 2025 நவம்பர் 11 முதல், லண்டனில் படித்தால் மாதம் 1,529 பவுண்டு, வெளியே படித்தால் 1,171 பவுண்டு, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. அமெரிக்காவுக்குப் பொதுவான தொகை என்று எதுவும் இல்லை. உங்கள் ஐ-20இல் முதல் வருடச் செலவு என்று என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் குறி.

பிரிட்டன் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன், மற்றவை இதைவிடச் சுலபம். லண்டனுக்கு வெளியே ஒரு வருட முதுகலை, கட்டணம் 18,000 பவுண்டு என்று வையுங்கள். முன்பணம் 4,000 கட்டி, அது காஸில் ஏறிவிட்டது. மீதி 14,000. வாழ்க்கைச் செலவு 1,171 பெருக்கல் 9, அதாவது 10,539. மொத்தம் 24,539 பவுண்டு. இந்தத் தொகை உங்கள் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், நீங்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் தேதியிலிருந்து பின்னோக்கி 31 நாளுக்குள் வர வேண்டும்.

தேதியோடு பார்ப்போம். உங்கள் ஸ்டேட்மென்ட் ஜூலை 31 அன்று முடிகிறது. அப்படியானால் ஜூலை 4 முதல் 31 வரை ஒவ்வொரு நாளும் இருப்பு 24,539 பவுண்டுக்குக் கீழே போயிருக்கக் கூடாது. ஜூலை 19 அன்று ஏதோ ஒரு தவணை தானாகக் கழிந்து, இருப்பு குறைந்து, மறுநாளே திரும்ப ஏறியிருந்தாலும் எண்ணிக்கை 20ஆம் தேதியிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்றுதான் தொடங்கும். இதற்கு விதிவிலக்கு, தயவு தாட்சண்யம் எதுவும் கிடையாது. பணம் வேறு நாணயத்தில் இருந்தால் விண்ணப்பிக்கும் அன்று ஓண்டா என்ற இணையதளம் காட்டும் நாணய மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள். நாணய மதிப்பு சரிந்தால் நேற்று போதுமானதாக இருந்த பணம் இன்று போதாமல் போகும். எனவே தேவையைவிடப் பத்து சதவீதமாவது கூடுதலாக வையுங்கள். முடிந்தால் இதற்கென்றே ஒரு தனிக் கணக்கு திறந்து, அதில் தானியங்கித் தவணை எதையும் இணைக்காமல், ஏடிஎம் கார்டைக்கூட வாங்காமல் விட்டுவிடுங்கள்.

சில நாட்டவர்களிடம் பிரிட்டன் இந்தத் தாள்களை விண்ணப்பத்தோடு கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று அர்த்தம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அப்போது இல்லையென்றால் மறுப்புதான்.

யாருடைய பணம் என்பதும் முக்கியம். பிரிட்டனில் உங்கள் பணம், பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பணம், துணைவர் பணம், முறையான கல்விக் கடன், ஸ்காலர்ஷிப் ஆகியவை செல்லும். மாமா, சித்தப்பா கணக்கில் கோடி இருந்தாலும் செல்லாது. பெற்றோர் பணம் என்றால் பிறப்புச் சான்றிதழும், "இந்தப் பணத்தை என் மகன் படிப்புக்குப் பயன்படுத்தலாம்" என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் உறவினர் ஸ்பான்சர் செய்யலாம், ஆனால் அவர் ஏன் செலவு செய்கிறார் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் வேலை வேறு மாதிரி. அங்கே பிளாக்டு அக்கவுண்ட் என்று ஒன்று திறந்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து விடுவிப்பார்கள். இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. நீங்கள் 11,904 அனுப்பினால் இடையில் உள்ள வங்கிகள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டு 11,880 போய்ச் சேரலாம். அந்த 24 யூரோவுக்காக, பணம் முழுதாக வந்துவிட்டது என்று விசாவுக்குக் காட்ட வேண்டிய உறுதிக் கடிதம் நின்றுவிடும். அனுப்பும்போதே "எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு" என்ற வசதியைத் தேர்ந்தெடுங்கள், கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள். கூடுதல் பணம் உங்களுக்குத்தான் திரும்பி வரும்.

கடைசியாக, திடீர் பணம். ஸ்டேட்மென்ட்டைப் புரட்டும் அதிகாரியின் விரல் நேராகப் பெரிய வரவில்தான் போய் நிற்கும். நிலம் விற்றது, டெபாசிட் முதிர்ந்தது, கடன் வந்தது என்று எதுவாக இருந்தாலும் அதற்கான ஆவணத்தை அந்தப் பக்கத்துக்குப் பின்னாலேயே வையுங்கள். கணக்கில் சில வாரங்களுக்குப் பணம் போட்டு எடுத்துத் தருகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள் என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். வங்கியிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும் வழக்கம் தூதரகங்களுக்கு உண்டு. பிரிட்டனில் ஏமாற்று வேலை என்று முடிவானால் 10 வருடத் தடை வரலாம். ஏஜெண்டுக்கு ஒரு வாடிக்கையாளர் போவார், உங்களுக்கோ பத்து வருடம் போகும்.

5. கட்டணங்களைத் தனியாக எடுத்து வையுங்கள்

காட்டும் பணத்திலிருந்து விசாக் கட்டணத்தைக் கட்டினால் இருப்பு குறையும், அதோடு 28 நாள் கணக்கும் உடையும். இதைத் தனிப் பணமாக வையுங்கள்.

அமெரிக்காவுக்கு செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். இரண்டையும் வேறு வேறு இடத்தில் கட்ட வேண்டும். பிரிட்டனுக்கு விசாக் கட்டணம் 524 பவுண்டு. ஆனால் உண்மையான செலவு, அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு வாங்கும் மருத்துவக் கட்டணத்தில்தான் இருக்கிறது. மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புதானே, 776 போதும் என்று கணக்குப் போடாதீர்கள். முழு 12 மாதப் படிப்புக்கு விசா கூடுதலாகச் சில மாதங்களுக்குத் தருகிறார்கள். அந்த மாதங்களுக்கும் சேர்த்து ஒன்றரை வருடக் கட்டணமாக 1,164 பவுண்டு வரும். இதை மொத்தமாக, விண்ணப்பிக்கும் அன்றே கட்ட வேண்டும். கனடாவுக்கு 150 கனடிய டாலரும் கைரேகைக்கு 85 டாலரும். ஜெர்மனிக்கு 75 யூரோதான். ஆஸ்திரேலியா 2,000 ஆஸ்திரேலிய டாலர் வாங்குகிறது. மறுத்தாலும் அது போனதுதான்.

மறுத்தால் என்ன திரும்பும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விசாக் கட்டணம் எங்கும் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளலாம். பிரிட்டன் மருத்துவக் கட்டணம் திரும்பும். செவிஸ் கட்டணம் திரும்பாது, ஆனால் 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மீண்டும் விண்ணப்பித்தால் மறுபடி கட்ட வேண்டாம்.

விசா விண்ணப்பங்களை வாங்கும் சேவை மையத்தின் இணையதளத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போது பிரீமியம் லவுஞ்ச், எஸ்எம்எஸ், போட்டோகாப்பி, ஆவணச் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது விற்பார்கள். எதுவுமே முடிவை மாற்றாது. பாஸ்போர்ட் கூரியரில் வருவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தோன்றியது. அப்புறம், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, வரம்பு போதுமா என்று முதல் நாளே வங்கியில் கேட்டுவிடுங்கள். நடு ராத்திரியில் பணம் கட்டும் பக்கம் மூன்றாவது முறை அறுந்து போகும்போது வரும் எரிச்சல் வேண்டாம்.

6. மருத்துவப் பரிசோதனையும் காப்பீடும்

இதில் குழப்பம் குறைவு. அந்த நாடு அங்கீகரித்த மருத்துவமனையில் மட்டும்தான் பரிசோதனை செல்லும், உங்கள் குடும்ப மருத்துவரின் கடிதம் செல்லாது. ஆஸ்திரேலியாவுக்கு ஓஎஸ்எச்சி என்ற வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடு படிப்புக் காலம் முழுவதற்கும் எடுத்திருக்க வேண்டும். ஜெர்மனிக்குப் போய் இறங்கும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதிவு முடியும் வரை பயணக் காப்பீடு, அதற்குப் பிறகு அங்குள்ள பொதுக் காப்பீடு. 30 வயதுக்குள் இருந்தால் மாணவர் கட்டணத்தில் கிடைக்கும்.

7. படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

ஏஜெண்டை வைத்துக்கொள்வது தப்பில்லை. ஆனால் படிவத்தில் கொடுக்கும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குத் தூதரகம் கூடுதல் ஆவணம் கேட்டு மெயில் அனுப்பியது. அது ஏஜெண்டின் மெயில்பெட்டிக்குப் போய் அங்கேயே கிடந்தது. கெடு முடிந்த பிறகு மறுப்புக் கடிதம் வந்தபோதுதான் அப்படி ஒரு மெயில் வந்ததே அவனுக்குத் தெரியும்.

படிப்பில் இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள். வேலை பார்த்தீர்களா, தேர்வுக்குத் தயார் செய்தீர்களா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று இரண்டு வரி உண்மையாக எழுதினால் போதும். ஏற்கெனவே எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நாடுகள் இந்தத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. முந்தைய மறுப்பு பெரும்பாலும் உங்களை வீழ்த்தாது, மறைத்த மறுப்பு வீழ்த்திவிடும்.

கனடா, ஜெர்மனி போன்ற இடங்களுக்கு ஏன் இந்தப் படிப்பு, ஏன் இங்கே என்று விளக்கும் கடிதம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 மார்ச்சிலிருந்து அதற்குப் பதிலாகப் படிவத்திலேயே கேள்விகள் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது வீண் வேலை. அதே கடிதத்தை அந்த அதிகாரி அன்று காலையிலேயே வேறு யாருடைய கோப்பிலாவது படித்திருப்பார். நீங்கள் எடுக்கப்போகும் இரண்டு பாடங்களின் பெயரையும், அவை உங்கள் முந்தைய படிப்போடு எங்கே ஒட்டுகின்றன என்பதையும் எழுதினாலே உங்கள் கடிதம் தனியாகத் தெரியும்.

அமெரிக்காவுக்கு இன்னும் இரண்டு விஷயம். டிஎஸ்-160 உறுதிப் பக்கத்தில் உள்ள பார்கோடு எண்ணும் அப்பாயின்ட்மென்ட்டில் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திருத்தம் செய்து புதுப் படிவம் போட்டால் அப்பாயின்ட்மென்ட்டிலும் எண்ணை மாற்றுங்கள். கடந்த 5 வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை அந்தப் படிவத்தில் சொல்ல வேண்டும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கவும் வேண்டும்.

8. கைரேகையும் நேர்காணலும்

கைரேகை கொடுக்கப் போகும்போது அசல்கள் ஒரு கோப்பு, நகல்கள் இன்னொரு கோப்பு, இரண்டும் ஒரே வரிசையில். போட்டோ அளவு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுக்கு 51 மி.மீ. சதுரம், ஜெர்மனிக்கு 35க்கு 45 மி.மீ. ஸ்டூடியோவில் "விசா போட்டோ" என்று மட்டும் சொல்லாமல் நாட்டையும் சொல்லுங்கள். தமிழிலோ வேறு மொழியிலோ உள்ள சான்றிதழ்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு மொழிபெயர்ப்பு வேண்டும்.

நேர்காணல் என்றாலே பயப்படுவது அமெரிக்காவுக்குத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நின்றபடி நீங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் தடிமனான கோப்பை அவர் தொடாமலே இருக்கலாம், ஏனென்றால் உங்கள் டிஎஸ்-160 அவர் திரையில் இருக்கிறது. அதனால் போவதற்கு முந்தைய நாள் மனப்பாடப் பதில்களைப் படிப்பதைவிட, நீங்கள் நிரப்பிய படிவத்தையே ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். எந்தப் பல்கலைக்கழகம், ஏன் அது, யார் செலவு செய்கிறார், அவருக்கு வருமானம் எப்படி, படித்து முடித்து என்ன செய்வாய்? இந்த ஐந்துக்கும் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். கேட்காததைச் சொல்ல வேண்டாம்.

பிரிட்டனிலும் சிலரை வீடியோவில் பேசிப் பார்ப்பார்கள். பல பல்கலைக்கழகங்கள் காஸ் தருவதற்கு முன்பே தாங்களே ஒரு நேர்காணல் வைக்கின்றன. பாடத்திட்டம், தங்குமிடம், செலவு பற்றிக் கேட்பார்கள். வளாகம் எந்த ஊரில் என்றே தெரியாமல் வந்து உட்காருபவர்களும் உண்டு.

9. காத்திருப்பும் மறுப்பும்

விண்ணப்பம் போன பிறகு ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டால் கெடுவுக்குள், கேட்டதை மட்டும், கேட்ட வடிவத்தில் அனுப்புங்கள். அமெரிக்காவில் 221(ஜி) என்று ஒரு சீட்டு கொடுத்தால் அது இறுதி மறுப்பு அல்ல, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று பொருள்.

மறுத்துவிட்டால் காரணத்தை அமைதியாகப் படியுங்கள். படித்துவிட்டு ஊர் திரும்புவீர்கள் என்று அதிகாரி நம்பாதபோது வரும் அமெரிக்காவின் 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் அதிகாரி தவறாகக் கணக்கிட்டிருந்தால் 28 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் அதில் புதிய ஆவணம் சேர்க்க முடியாது. தவறு உங்கள் தாளில் என்றால் மறுபரிசீலனையில் நேரத்தை வீணாக்காமல் புது விண்ணப்பம் போடுவதே மேல். அதற்குப் புது காஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஜெர்மனியில் முன்பு இருந்த ரிமான்ஸ்ட்ரேஷன் என்ற மறுபரிசீலனை வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. நீதிமன்றம் போகலாம் அல்லது மறுபடி விண்ணப்பிக்கலாம். எதுவும் மாறாத அதே கோப்பை மறு வாரமே திரும்பக் கொடுப்பது கட்டணத்தைக் கொட்டுவதுதான். பல்கலைக்கழகத்திடம் சேர்க்கையை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று அன்றே கேளுங்கள்.

10. விசா வந்த பிறகு

பாஸ்போர்ட்டை வாங்கிய இடத்திலேயே திறந்து பெயர், எண், தேதி, விசா வகை நான்கையும் பாருங்கள். பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள். பிரிட்டன் இப்போது மின்விசாவுக்கு மாறிவிட்டது. அவர்களது இணையக் கணக்கில் நுழைந்து, பாஸ்போர்ட் அதோடு இணைந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

சேர்க்கைத் தாள், பணச் சான்று, தங்குமிட முகவரி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி உங்களுக்கு முன்னால் வராது, குடியேற்ற அதிகாரி வந்துவிடுவார். கனடாவில் ஸ்டடி பெர்மிட்டே விமான நிலையத்தில்தான் அச்சடித்துத் தருவார்கள். வேலை செய்யலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள், பிறகு திருத்த மாதங்கள் ஆகும். அமெரிக்காவில் இறங்கியதும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, எஃப்-1 என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட படிவம் தேவை, எனவே அந்தப் படிவம் தராத வீட்டை எடுக்காதீர்கள். கையில் உள்ள விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸுக்குப் போகிறவர்கள் நீண்டகால விசாவை இறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும்.

வேலை நேர வரம்பை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள். அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20. கடைக்காரர் ரொக்கமாகத் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்பார். மாட்டிக்கொண்டால் அவர் அபராதம் கட்டிவிட்டுக் கடையைத் திறப்பார், விசா போவது உங்களுக்கு. வீடு மாறினாலும் சொல்ல வேண்டும்: ஆஸ்திரேலியாவில் 7 நாளுக்குள் கல்லூரிக்கு, அமெரிக்காவில் 10 நாளுக்குள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு.